கட்டற்ற மென்பொருள்: சொல்லும் பொருளும்

1. நுவலும் பொருள்

இலக்கிய ஆராய்ச்சிக்குரிய இதழில் மென்பொருளைப் பற்றிய கட்டுரை ஒன்று இடம்பெறுதல் பொருந்துமோ என அன்பர் சிலர் ஐயுறலாம். அவ்வையத்தை நீக்கும் சான்று சட்டத்திலேயே உளது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பெற்றபொழுது, கணிப்பொறிக்குரிய நிரலும் ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வகையுள் அடக்கப்பட்டது. ஆகவே காப்பியமும் நிரலும் சட்டத்தின் நோக்கில் ஓரினமே. எழுத்தால் ஆகிய பொருள் எதுவாயினும், அதனை ஆக்கியோன் யாவன், படியெடுப்போர்க்கு உள்ள உரிமை யாது, மாற்றுவோர்க்கு உள்ள வரம்பு யாது என்னும் வினாக்கள் அதனைத் தொடர்ந்தே வரும். இவ்வினாக்கள் தமிழ்ப் புலவர்க்குப் புதியன அல்ல. பாயிர இலக்கணம் வகுத்தோரும், ஏடு தேடிப் பதிப்பித்தோரும் இவற்றோடு போராடியவர்களே.

ஈண்டு யாம் ஆராயப் புகுவது மென்பொருளின் தொழில்நுட்பம் அன்று. அதன் உரிமை பற்றி நம்மிடையே நாள்தோறும் வழங்கும் கருத்துக்களையே எடுத்துக்கொண்டுள்ளோம். மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகிய பகுதிகளில் ஆசிரியரும் மாணவரும் ஒளியச்சுக் கடையினரும் நூலகத்தாரும் பேச யாம் பல்லாண்டு கேட்டவை அவை. பொதுமக்கள் பேச்சை ஆராய்ச்சிப் பொருளாக்குதல் தகுமோ எனின், தகும் என்க. எழுதப்பெற்ற கொள்கையினும் பேசப்பெறும் கொள்கையே ஒரு சமுதாயத்தின் செயலை இயக்குகிறது. நன்னூலார் கூறும் எழுவகை மதங்களுள் உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை மேற்கொண்டு பின்னர்க் களைதல் என்னும் மூன்றும் இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைபுரியும்.

2. சொல்லாராய்ச்சி

அமெரிக்கராகிய ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்துவோர்க்கு நான்கு உரிமைகள் வேண்டும் என்பது அவர் தொடங்கிய இயக்கத்தின் கொள்கை. எப்பயன் கருதியும் நிரலை இயக்கலாம். அதன் மூலத்தைப் பயின்று தமக்கேற்ப மாற்றலாம். படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். மாற்றிய வடிவையும் வழங்கலாம். இந்நான்கும் அமைந்த மென்பொருளை ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என வழங்கினர். அவ்வடைமொழிக்கு ஆங்கிலத்தில் விலையின்மை என்றும் விடுதலை என்றும் இருபொருள் உண்டு. இதனால் நேர்ந்த மயக்கம் பெரிது. 1998-இல் சிலர் ‘திறந்த மூலம்’ எனப் பொருள்படும் வேறொரு தொடரை ஆக்கிக்கொண்டதற்கு இம்மயக்கமும் ஒரு காரணம்.

தமிழில் இதற்கு ‘இலவச மென்பொருள்’, ‘சுதந்திர மென்பொருள்’, ‘திறந்த மூல மென்பொருள்’, ‘கட்டற்ற மென்பொருள்’ எனப் பல தொடர்கள் வழங்குகின்றன. இவற்றுள் முதலாவது விலையை மட்டும் சுட்டுகிறது. இரண்டாவது உரிமையைச் சுட்டினும், உரிமை பெற்றது மென்பொருளோ அதனை ஆள்வோரோ என்னும் மயக்கத்தைத் தருகிறது. மூன்றாவது மூலத்தைக் காணலாம் என்பதையே முற்படக் கூறுகிறது. கண்டதை மாற்றலாமா, வழங்கலாமா என்பது அத்தொடரின் சொற்களால் விளங்கவில்லை.

நான்காவது தொடரே சிறந்தது என்பது எம் துணிபு. ‘அற்ற’ என்பது ‘அறு’ என்னும் தன்வினையடியாகப் பிறந்த இறந்தகாலப் பெயரெச்சம். ‘கட்டற்ற’ என்னும்பொழுது முன்னர் ஒரு கட்டு இருந்தது என்பதும், அஃது இப்பொழுது அற்றது என்பதும் ஒருங்கே பெறப்படும். ‘கட்டிலாத’ என்றிருப்பின் தொடக்கமுதலே கட்டு இல்லை என்றாகும். சட்டநிலையும் இதற்கு இயைந்தே உளது. எழுதி முடித்த அளவிலே பதிப்புரிமை தானே வந்து படைப்பைக் கட்டிவிடுகிறது. அதற்கெனப் பதிவு செய்தலும் வேண்டுவதில்லை. ஆக்கியோன் தன் உரிமத்தால் அக்கட்டை அறுத்த பின்னரே அது பொதுவாகிறது. பிறந்த மென்பொருள் யாவும் கட்டுடன் பிறந்தனவே. அவற்றுட் சில கட்டற்றன. இவ்வரலாற்றை ஒரு சொல்லிலேயே அடக்கிய பெருமை இத்தொடர்க்கு உண்டு.

இதற்குத் தடையொன்று கூறலாம். ‘கட்டற்ற’ என்பது ஒழுங்கின்மையையும் குறிக்குமன்றோ எனின், குறிக்கும். மேலும் குனூ பொது உரிமம் முற்றும் கட்டில்லாததும் அன்று. மாற்றிய வடிவை வழங்குவோர் அதனை அதே உரிமத்துடனே வழங்குதல் வேண்டும் என்னும் ஒரு நிபந்தனை அதில் உண்டு. ஆயினும் அந்நிபந்தனை பிறர் மீண்டும் கட்டாதிருத்தற்கென இட்ட வேலியே ஆதலின், சொல்லின் பொருத்தம் குறைவுபடாது.

3. மூன்று ஆண்டுகள்: 1907, 1949, 1955

விலையின்மை வேறு, உரிமையாளர் மாறுதல் வேறு, கட்டறுதல் வேறு. இம்மூன்றையும் நம்மவர் ஒன்றாகக் கருதுதலே வழக்கிலுள்ள கருத்துப் பிழைகள் பலவற்றிற்கும் வேர் எனலாம். இவ்வேறுபாட்டை விளக்க அயல்நாட்டுச் சான்று வேண்டுவதில்லை. பாரதியார் பாடல்களின் வரலாறே போதும்.

1907-இல் மயிலாப்பூரில் வாழ்ந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், பாரதியாரின் நாட்டுப்பாடல்கள் சிலவற்றைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அவர் மிதவாதக் கட்சியினர். பாரதியாரோ தீவிரக் கட்சியினர். கொள்கை மாறுபட்ட ஒருவரே பாட்டின் சிறப்புணர்ந்து பரப்பினார் என்பது போற்றத்தக்கது. ஆயினும் அங்கு நிகழ்ந்தது யாது? பாட்டைப் பெற்றோர்க்கு விலை நீங்கியது. உரிமை பற்றிய பேச்சு எழவில்லை.

பாரதியார் 1921-இல் மறைந்தார். அவருடைய எழுத்துக்களின் உரிமை பின்னர்ப் பல கை மாறியது. பாடல்களை ஒலிவடிவில் பயன்படுத்தும் உரிமை தனியே பிரிந்து, திரைப்பட முதல்வர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947-இல் வெளிவந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தின்வழிப் பாரதி பாடல்கள் ஊர்தோறும் ஒலித்தன. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலொன்றைப் பயன்படுத்தியபொழுது உரிமைச் சிக்கல் எழுந்தது. நாட்டுக் கவியின் பாட்டைப் பாட ஒருவரிடம் இசைவு பெறவேண்டுமோ என எழுத்தாளர் கிளர்ந்தனர். 1948-இல் அவர்கள் கண்ட அமைப்பின் பெயர் ‘பாரதி விடுதலைக் கழகம்’. இப்பெயரை நம் மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவர்கள் கேட்டது விலைக்குறைப்பு அன்று. பாட்டு பூட்டப்பட்டுள்ளது என்பதையும், அப்பூட்டு நீங்கவேண்டும் என்பதையும் அவர்கள் தெளிவாக உணர்ந்து ‘விடுதலை’ என்னும் சொல்லைத் தேர்ந்தனர். கணிப்பொறி தமிழ்நாட்டிற்கு வருமுன்னரே, இக்கட்டுரைக்குரிய கருத்து இங்குத் தோன்றிவிட்டது என்க.

1949-இல் சென்னை அரசு அவ்வுரிமைகளைப் பெற்றது. செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பொருள் பெறாமலே அளித்தார். ஆனால் அவ்வாண்டிலேயே கட்டு அற்றுவிட்டதாகக் கருதுதல் பிழையாம். உரிமையாளர் மாறினார், தனியாரிடம் இருந்தது அரசினிடம் வந்தது. 1955-இல் பாரதி எழுத்துக்களை யாவரும் பதிப்பிக்கலாம் என்று பொதுமக்கட்கு ஆக்கிய பின்னரே கட்டு அற்றது. இவ்வாறு 1907-இல் விலை நீங்கியது. 1949-இல் உடையவர் மாறினர். 1955-இல் கட்டு நீங்கியது. இடைப்பட்ட ஆறாண்டுகள் ‘நாட்டுடைமை’க்கும் ‘பொதுமை’க்கும் உள்ள தொலைவைக் காட்டுகின்றன.

4. வழக்கிலுள்ள கருத்துக்கள்

இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு, யாம் கேட்ட கருத்துக்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

(அ) ‘ஓசியில் கிடைப்பது உருப்படாது.’ மயிலாப்பூர் மாடவீதிகளை அடுத்த ஒளியச்சுக் கடைகளில் இதனைப் பலகாலும் கேட்டுள்ளோம். விலையே தரத்திற்கு அளவு என்னும் நம்பிக்கை இதன் அடிப்படை. இதற்கு மறுப்பு எளிது. இணையத்தின் வழங்கிகளுட் பெரும்பாலனவும், இன்றைய கைப்பேசிகளுட் பலவும் 1991-இல் தோன்றிய லினக்சு என்னும் கட்டற்ற கருவினைக் கொண்டே இயங்குகின்றன. கடைக்காரர் இக்கருத்தைக் கூறும்பொழுதே அவர் கையிலுள்ள கைப்பேசி அவரை மறுத்துக்கொண்டிருத்தல் கூடும். ஆயினும் இக்கருத்தில் ஓருண்மையும் உண்டு. விலையில்லாதது என்பதற்காக மட்டும் ஒன்றைப் போற்றுதல் தகாது. 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டம் ‘விலையில்லா’ என்னும் அடைமொழியால் வழங்கியது. தொடக்கத்தில் தரப்பெற்ற பொறிகளில் உரிமையுடைய இயக்குதளம் ஒன்றும், சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய ‘பாஸ் லினக்சு’ என்னும் கட்டற்ற இயக்குதளமும் அருகருகே இருந்தன. மாணவர்க்கு இரண்டும் விலையில்லாதனவே. ஒன்று கட்டுடையது, மற்றொன்று கட்டற்றது என்னும் வேறுபாடு எத்துணைப் பள்ளிகளில் விளக்கப்பட்டிருக்கும்? விலையை மட்டும் நோக்கும் கண்ணுக்கு அது புலப்படாது.

(ஆ) ‘காசு கொடுத்து வாங்கினேன், நண்பனுக்குப் படியெடுத்துத் தந்தால் என்ன குற்றம்?’ தியாகராயநகரில் இளைஞர் பலர் வாயினின்றும் வரும் கூற்று இது. பகிர்ந்துண்ணும் பண்பு இதில் உளது; அதனை யாம் பழிக்கவில்லை. ஆயினும் கட்டுடைய மென்பொருளைக் கள்ளமாகப் படியெடுத்தல் கட்டறுத்தல் ஆகாது. படியெடுத்தவன் மூலத்தைக் கண்டானல்லன். பிழை திருத்தும் ஆற்றலும் பெற்றானல்லன். கட்டியவரின் பொருளுக்கு அவனே புதிய வாடிக்கையாளரைத் தேடித் தருகிறான். பாரதி விடுதலைக் கழகத்தார் பாடல்களைத் திருட்டுப் பதிப்பாக வெளியிட்டு அமைந்துவிட்டாரல்லர். உரிமையையே மாற்றுக என வெளிப்படையாகக் கேட்டனர். அம்முறையே பின்பற்றத்தக்கது.

(இ) ‘மூலநிரலைத் திறந்து காட்டினால் எனக்கென்ன? எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியாதே.’ அடையாற்றில் பேராசிரியர் ஒருவர் எம்மிடம் இவ்வாறு வினவினார். இவ்வினா ஆழமானது. இதனை மேற்கொண்டே களைதல் வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அவர் திரட்டிய சுவடிகள், 1943-இல் ருக்மிணிதேவி அருண்டேல் முயற்சியால் அடையாற்றில் நிறுவப்பெற்று இன்று பெசன்ட் நகரிலுள்ள நூலகத்தில் அவர் பெயராலேயே காக்கப்படுகின்றன. அச்சுவடிகளைப் படிக்க வல்லார் நம்முட் சிலரே. ஆயினும் அவை பூட்டிவைக்கப்படாமல் வல்லார் ஒருவர் கைக்கு எட்டியமையால், படிக்க வல்லாரல்லாத கோடிக்கணக்கானோர்க்கும் சிலப்பதிகாரம் கிடைத்தது. கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகள் நெருப்பிலிடப்பெற்ற செய்தியை ஐயரே எழுதியுள்ளார். யாரும் படியெடுக்காத ஏட்டின் முடிவு அதுவே. நமக்குப் படிக்கத் தெரிதல் இன்றியமையாததன்று. படிக்கத் தெரிந்த ஒருவர்க்கு வாயில் அடைபடாதிருத்தலே இன்றியமையாதது.

(ஈ) ‘எல்லாரும் திருத்தலாம் என்றால் பாடம் கெட்டுவிடாதா?’ இது நம் துறையினர்க்கே உரிய அச்சம். அச்சத்திற்குக் காரணமும் உண்டு. கம்பராமாயணத்திலும் பெரியபுராணத்திலும் பிற்காலத்தார் செருகிய பாடல்களைக் களைய நம் ஆராய்ச்சியாளர் பட்ட பாடு சிறிதன்று. ஆனால் அங்கு நேர்ந்த கேடு திருத்தியதனால் மட்டும் வந்ததன்று. திருத்தியவர் இன்னார், திருத்திய காலம் இது, முன்னிருந்த பாடம் இது என்னும் குறிப்பு இல்லாமையால் வந்தது. கட்டற்ற மென்பொருள் ஆக்குவோர் ஒவ்வொரு மாற்றத்தையும் நாளுடனும் பெயருடனும் பதிந்துவைக்கின்றனர். தமிழ் விக்கிமூலத்தில் ஒரு நூற்பக்கத்தை எடுத்துக்கொண்டால், மூல ஏட்டின் படத்தையும் அதற்கெதிரே தட்டெழுதிய பாடத்தையும், அப்பாடம் மாறிய வரலாற்றையும் ஒருங்கே காணலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் பல அவ்வாறு அங்கு இடம்பெற்றுள்ளன. பாடவேறுபாட்டைக் காட்டிப் பதிப்பித்தலை நெறியாகக் கொண்ட நமக்கு இம்முறை உவப்பளித்தல் வேண்டும், அச்சமளித்தல் ஆகாது.

(உ) ‘இவையெல்லாம் நம் முன்னோர் சொல்லிவைத்தவையே.’ மயிலாப்பூர் மன்றக் கூட்டங்களில் கைதட்டலுடன் வரவேற்கப்பெறும் கருத்து இது. இதில் ஒரு பகுதியை உடன்படுகிறோம். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூல்களைப் பகுத்த நம் இலக்கணம், ஒருவர் நூலிலிருந்து மற்றொருவர் நூல் செய்தலைக் குற்றமாகக் கருதவில்லை, நெறியாகவே கொண்டது. வழிநூல் செய்யும் முறைகளாகத் தொகுப்பதையும், விரிப்பதையும், அவ்விரண்டும் ஒருங்கு செய்வதையும், பிறமொழியினின்று பெயர்ப்பதையும் மரபியல் கூறும். சிறப்புப் பாயிரமோ ஆக்கியோன் பெயரையும், நூல் வந்த வழியையும் தவறாது சொல்லுக என விதித்தது. மாற்றலாம், ஆனால் மூலத்தை மறைத்தல் கூடாது என்பதே இவற்றின் சாரம். மென்பொருளின் முகப்பில் இணைக்கப்பெறும் உரிமமும் ஏறத்தாழ இப்பாயிரத்தின் வேலையையே செய்கிறது.

எனினும் எஞ்சிய பகுதியை மறுக்கிறோம். இலக்கணம் இடந்தந்ததாலேயே சமுதாயமும் இடந்தந்ததாகக் கொள்ளுதல் வரலாற்றுக்கு முரணாம். ஏடு வைத்திருந்தோருட் பலர் அதனைப் பிறர்க்குக் காட்டவும் இசையவில்லை. கல்வி பிறப்பினால் வரையறுக்கப்பட்ட காலங்கள் உண்டு. ஓதுதற்கே உரிமை மறுக்கப்பட்டோர்க்கு வழிநூல் செய்யும் உரிமை இருந்தது என்பதில் பொருளில்லை. ஆகவே நம் மரபில் கட்டறுக்கும் கருத்தும் உண்டு, கட்டிவைத்த வழக்கமும் உண்டு என்பதே நேரிய கூற்று.

(ஊ) ‘எல்லாவற்றையும் பொதுவாக்கிவிட்டால் எழுதுகிறவன் எதை உண்பான்?’ கருத்துக்கள் அனைத்தினும் வலியது இதுவே. இதனை முற்றும் மறுக்கும் வன்மை எமக்கில்லை. நாட்டுடைமையாக்கும் முறையில் அரசு ஆசிரியரின் மரபுரிமையர்க்குத் தொகை அளிக்கிறது. இது பெரும்பாலும் மறைந்த ஆசிரியர்க்கு ஆன ஏற்பாடு. வாழும் எழுத்தாளரின் அடுப்பை அது எரிக்காது. மென்பொருள் ஆக்குவோர்க்கோ நிறுவுதல், பயிற்றுதல், பழுதுபார்த்தல் முதலிய பணிகளால் ஊதியம் வர வாய்ப்புண்டு. கவிஞர்க்கு அவ்வாய்ப்பு அரிது. இவ்வேறுபாட்டை மறந்து, மென்பொருளுக்குப் பொருந்துவதெல்லாம் கவிதைக்கும் பொருந்தும் என்பார் கூற்று ஆராயாக் கூற்றே. இதனால்தான் 2001-இல் தோன்றிய கிரியேட்டிவ் காமன்சு என்னும் அமைப்பு படைப்பாளிகட்குப் பலபடி உரிமங்களை வகுத்தது. வணிகத்திற்குப் பயன்படுத்தலாகாது எனவும், மாற்றலாகாது எனவும், பெயர் கூறினாற் போதும் எனவும் ஆசிரியர் தாமே வரையறுக்கலாம். 2013 முதல் தன்னார்வலர் நடத்தும் ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ என்னும் திட்டத்திற்கு வாழும் எழுத்தாளர் பலர் இத்தகைய உரிமங்களின் கீழ் நூல்களை அளித்துள்ளனர். கட்டறுத்தல் ஆசிரியரின் விருப்பத்தால் நிகழ்தல் வேண்டும். பிறர் வற்புறுத்தலால் நிகழின் அது பறித்தலேயாம்.

இங்கு ஒரு புதுச் சிக்கலையும் குறிப்பிடுதல் கடன். இணையத்திலுள்ள எழுத்துக்களைத் திரட்டிப் பயின்று தாமே எழுதும் பொறிகள் இன்று தோன்றியுள்ளன. அவை எழுதுவன ஒருவகையில் சார்புநூல்களே. ஆனால் எந்நூலைச் சார்ந்தன என்று அவை பெரும்பாலும் கூறுவதில்லை. தொழில்நுட்பத்தின் அறம் பற்றி இன்று உலகெங்கும் நிகழும் உரையாடலில் நம் பாயிர மரபு சொல்லத்தக்க சொல் ஒன்று உண்டு: வழி கூறாத நூல் நூலாகாது.

5. எம் ஏடும் ஔவையாரும்

மேற்கூறியவை யாவும் வெறுங் கொள்கை என எண்ணுவார்க்கு எம் பட்டறிவு ஒன்றைக் கூறுகிறோம். ஏறத்தாழ இருபதாண்டுகட்கு முன், எம் முனைவர்பட்ட ஆய்வேட்டை மயிலாப்பூரில் ஓர் ஒளியச்சுக் கடையில் அச்சுக்கோத்தோம். அக்கடையினர் பயன்படுத்திய எழுத்துரு விலை கொடுத்து வாங்கியது. வன்பூட்டு ஒன்றைக் கணிப்பொறியிற் செருகினாலன்றி அது இயங்காது. தமிழெழுத்துக்களை இலத்தீன் எழுத்துக்கட்குரிய இடங்களில் வைத்து அமைக்கப்பெற்றது அது. அண்மையில் எம் ஆய்வேட்டை நூலாக்க விரும்பிக் குறுந்தகட்டைத் திறந்தபொழுது, திரையில் தோன்றியவை இலத்தீன் எழுத்துக்களும் பொருளற்ற குறிகளுமே. கடை மூடப்பட்டுவிட்டது, எழுத்துருவை விற்றோரும் அத்தொழிலை விட்டுவிட்டனர். எம் கையால் எழுதியதை எம் கண்ணால் படிக்க இயலவில்லை. பாரதியார் பாட்டின் கட்டு 1955-இலேயே அற்றுவிட்டது. ஆயினும் அப்பாட்டை எடுத்தாண்ட எம் பக்கங்கள் அரைநூற்றாண்டு கழித்து எம்மாலேயே மீண்டும் கட்டப்பட்டுவிட்டன. விலை கொடுத்தோம், உரிமை பெற்றோமல்லேம்.

எம் துறையின் முதுகலை மாணவி ஒருவர், கட்டற்ற உரிமத்தில் வெளியான எழுத்துருமாற்றி ஒன்றைக் கொண்டு அதனை ஒருங்குறிக்கு மாற்ற முனைந்தார். பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுதும் முறைப்படி மெய்க்கு முன் நிற்கும். ஒருங்குறியிலோ ஒலிக்கும் முறைப்படி மெய்க்குப் பின் வைக்கப்படும். மாற்றி அதனைச் செம்மையாகவே செய்தது. ஆனால் மாற்றிய பாடத்தில் ‘ஔவை’ எனத் தேடியபொழுது ஓரிடத்தும் கிடைக்கவில்லை. ஓர் அத்தியாயம் முழுதும் ஔவையாரைப் பற்றியது! காரணம் யாதெனின், அப்பழைய எழுத்துருவில் ஔகாரக் குறிக்கென்று தனி வடிவில்லை. ளகரத்தையே அதற்கும் பயன்படுத்தினர். அதனால் ‘ஔவை’ என்பது ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து ‘ஒளவை’ ஆயிற்று. ‘பௌத்தம்’ ‘பெளத்தம்’ ஆயிற்று. கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. பொறிக்கு அவை வேறு சொற்கள்.

மாற்றியின் மூலநிரல் திறந்திருந்தமையால், அம்மாணவி அதனுள் விதியொன்றைச் சேர்த்தார். சொன்முதலில் ஒகரத்தை அடுத்து உயிரேறாத ளகரம் வந்து, அதன்பின் வகரம் தொடரின் ஔகாரமாகக் கொள்க என்பது போன்ற விதி அது. ‘ஒளவை’ ‘ஔவை’ ஆனதோடு, ‘ஒளி’ முதலிய சொற்கள் கெடாமலும் நின்றன. பின்னர் அச்சுப்படியோடு வரிவரியாக ஒப்புநோக்கிப் பாடத்தை உறுதிசெய்தோம். விதியையும் அவர் மாற்றியை ஆக்கியோர்க்கே அனுப்பிவைத்தார். மூலத்தைப் பயிலலும் மாற்றலும் மாற்றியதை வழங்கலுமாகிய உரிமைகள் எம் மேசைமீதே நிகழ்ந்தன. ‘எனக்கென்ன?’ என்று வினவிய அடையாற்றுப் பேராசிரியர்க்கு யாம் அளிக்கும் விடை இதுவே. எமக்கும் நிரல் படிக்கத் தெரியாது. தெரிந்த ஒருவர் எம் வகுப்பில் இருந்தார், வாயில் திறந்திருந்தது.

6. நாம் செய்யத்தக்கன

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வரலாறு நமக்கு வழிகாட்டும். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரமும் உலகெங்குமுள்ள தன்னார்வலரும் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி யாவர்க்கும் வழங்கினர். அவர்கள் தொடக்கத்தில் பயன்படுத்திய எழுத்துருக்களுள் ஒன்றன் பெயர் ‘மயிலை’. அது பின்னர்த் திஸ்கி என்னும் குறியேற்றத்திற்கும், அதன்பின் ஒருங்குறிக்கும் மாறியது. 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டில் விசைப்பலகையும் குறியேற்றங்களும் வகுக்கப்பெற்றன. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இத்துணை மாற்றங்களிடையேயும் மதுரைத் திட்டத்தின் நூல்கள் அழியாமைக்குக் காரணம், மாற்றுவோர் கை அங்குக் கட்டப்படாமையே.

நம் பல்கலைக்கழகத் துறைகளின் நிலை அதுவன்று. பல்கலைக்கழக மானியக்குழு வகுத்த விதியின்படி ஆய்வேடுகளின் மின்படிகள் ‘சோத்கங்கா’ என்னும் களஞ்சியத்திற்கு அளிக்கப்பெறுகின்றன. ஆயினும் தமிழ் ஆய்வேடுகள் பல அங்குப் படவடிவிலேயே கிடக்கின்றன. ஒரு சொல்லையும் தேட இயலாது. ஆகவே மூன்று செயல்களை அன்பர்முன் வைக்கிறோம். ஒன்று, ஆய்வேடு ஒருங்குறியிலும் கட்டற்ற எழுத்துருவிலும் அமைதல் வேண்டும். இரண்டு, அதன் முகப்பில் ஆய்வாளரே தேர்ந்த உரிமம் பாயிரம்போல இடம்பெறல் வேண்டும். மூன்று, துறையிலுள்ள பழைய குறுந்தகடுகளையும் கோப்புக்களையும், அவற்றை மாற்றவல்ல கருவிகள் உள்ள இக்காலத்திலேயே மாற்றி அச்சுப்படியோடு ஒப்புநோக்கல் வேண்டும். மூன்றாவது பணியைக் காலந்தாழ்த்தல் ஆகாது. தகடுகள் ஆண்டுதோறும் பழுதாகின்றன. அவற்றை இட்டுப் படிக்கும் பொறிகளும் அருகி வருகின்றன.

விலையில்லாமையைப் போற்றுவோர் பலர்; அதனை இகழ்வோரும் பலர். இருசாராரும் விலையையே பேசினர். நாம் பேசவேண்டுவது கட்டினைப் பற்றி. ஏட்டைத் தேடி ஊரூராக அலைந்தவர்களின் வழிவந்த நாம், நம் ஏட்டை நாமே பூட்டித் திறவுகோலைத் தொலைத்தோம் என்னும் பழிக்கு ஆளாதல் தகாது. எம் ஆய்வேட்டில் ஔவையார் மீண்டும் வந்துசேர்ந்தார். நம் துறைகளின் பேழைகளில் இன்னும் எத்துணைப் புலவர்கள் பொருளற்ற குறிகளாய்க் காத்திருக்கின்றனரோ, அறியோம்.